அச்சம் கட்டிய சுவரும் நம்பிக்கை கட்டிய ஊரும்

முன்னுரை

வங்கக் கடலின் நடுவே அமைந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் இன்று தமிழர்க்கு அயல்நிலம் அல்ல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இங்கு வாழ்வோரில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாள் கடலைக் கடந்து வந்திறங்கிய நம் முன்னோர் கொண்டுவந்த முதல் யாது? இரு கைகளும் அவற்றின் உழைப்புமே. துறைமுகத்திலும், சாலைப் பணியிலும், மரக்கிடங்கிலும், கடைவீதியிலும், அலுவலகத்திலும் அவ்வுழைப்பு நம்மை வாழவைத்தது. ஆகவே உழைப்பின் வரலாறு நம் குடும்ப வரலாறு போன்றதே.

ஒரே மண், ஒரே மழை, ஒரே தொழிலாளர். ஆயினும் ஒரு தலைவரின்கீழ்ப் பணி செழிக்கிறது, மற்றொருவரின்கீழ் நலிகிறது. இஃது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் வேற்று நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் இத்தீவு மண்ணே விடை கூறும். 1858ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 80 ஆண்டுகள் இத்தீவுகள் நாடுகடத்தப்பட்டோரின் கட்டாய உழைப்புக்களமாய் இருந்தன. ஊதியமும் விருப்பமும் அற்ற அத்தகைய உழைப்பிலேயே தலைமையின் பண்பு விளைவை மாற்றியது என்றால், ஊதியம் பெற்று உழைக்கும் இந்நாளைய தொழிற்களங்களில் அஃது எத்துணை மாற்றும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். அடிமை உழைப்பால் எழுந்த கட்டடங்களைப் போற்றுவது நம் நோக்கமன்று. அங்கு உழைத்த மனிதரின் நிலையிலிருந்து தலைமையை அளந்து காண்பதே நோக்கமாகும்.

வாக்கரின் மூன்று திங்கள்

1789ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேர் இத்துறைமுகத்தில் ஒரு குடியேற்றம் அமைத்தார். அது பின்னர் வடகிழக்குக் கரைக்கு மாற்றப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்குப் பின், தண்டிக்கப்பட்டோரை அனுப்ப இடம் தேடிய ஆங்கில அரசு மீண்டும் இங்கு வந்தது. 1858 மார்ச்சு 10ஆம் நாள் 200 கைதிகளுடன் வந்திறங்கியவர் மருத்துவர் ஜேம்சு பாட்டிசன் வாக்கர். அவர் முன்னர் ஆக்ராச் சிறையின் கண்காணிப்பாளராய் இருந்தவர். முதலில் சாத்தம் தீவில் காடழிக்கும் பணி தொடங்கியது. அங்கு நன்னீர் போதாமையால், ராசுத் தீவு குடியேற்றத்தின் தலைமையிடம் ஆயிற்று. அத்தீவே 2018 முதல் நேதாஜி சுபாசு சந்திரபோசு தீவு எனப் பெயர் கொண்டுள்ளது.

வாக்கர் சோம்பர் அல்லர். ஆனால் அவர் அறிந்த கருவி ஒன்றே ஒன்று, அஃது அச்சம். வடக்கே நடந்தால் பர்மாவை அடையலாம் என்று நம்பிக் கைதிகள் காட்டுக்குள் ஓடினர். பசியாலும் பழங்குடியினரின் அம்பாலும் மடிந்தவர் போக, பிடிபட்டும் திரும்பியும் வந்தவர்களை வாக்கர் தூக்கிலிட்டார். 1858 சூன் 16ஆம் நாள் வரையான கணக்கைக் காண்போம். வந்திறங்கியோர் 773 பேர். மருத்துவமனையில் இறந்தோர் 64. ஓடித் திரும்பாதோர் 140. தற்கொலை செய்துகொண்டவர் 1. தப்பியோடியமைக்காகத் தூக்கிலிடப்பட்டோர் 87. எஞ்சியோர் 481. மூன்று திங்களில், பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் இல்லாமற் போயினர்.

மனிதநேயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வெறும் வேலைக்கணக்காகப் பார்த்தாலும் இஃது எத்தகைய மேலாண்மை? காடழிக்கக் கையில்லாத நிலையை அத்தலைமை தானே உண்டாக்கிக்கொண்டது. தப்பியோடியதற்குத் தூக்குத் தண்டனை கூடாதென்று கல்கத்தா அரசே தடுக்க வேண்டியதாயிற்று.

அச்சத்தின் மற்றொரு தீமை, அது தலைவனின் காதை அடைத்துவிடுகிறது. 1859 மே மாதம் அந்தமான் பழங்குடியினர் அபர்தீன் பகுதியைத் தாக்க அணிதிரண்டனர். இச்செய்தியை முன்னதாகக் கொண்டுவந்தவர் தூதநாத் திவாரி என்னும் கைதி. முந்தைய ஆண்டு தப்பியோடிப் பழங்குடியினரோடு ஓராண்டு வாழ்ந்தவர் அவர். முன்னரே பிடிபட்டிருந்தால் அவரும் தூக்குமேடை ஏறியிருக்கக் கூடும்! குடியேற்றத்தைக் காத்த செய்தி, அதன் ஒழுங்குமுறை வழியாக வரவில்லை. அதற்குத் தப்பிய ஒருவர் வழியாகவே வந்தது. அஞ்சுவோர் தலைவனிடம் உண்மை சொல்லார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1859 அக்டோபரில் வாக்கருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜான் ஹாட்டன். ஆப்கானியப் போரில் சாரிக்கார் என்னுமிடத்தில் ஒரு கையை இழந்த போர்வீரர் அவர். தம் முன்னவரைவிடக் கடுமை குறைந்த போக்கை அவர் கைதிகளிடமும் பழங்குடியினரிடமும் மேற்கொண்டார் என வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். போரின் கொடுமையை உடலில் தாங்கிய ஒருவர் கடுமையைக் குறைத்தார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது. கடுமை வேறு, உறுதி வேறு.

சிங்கப்பூரிலிருந்து வந்த பாடம்

நாடுகடத்தப்பட்டோரை வேலை வாங்கும் முறை அந்தமானில் தோன்றியதன்று. அதற்கு அரைநூற்றாண்டு முன்னரே கிழக்குக் கடற்கரைகளில் அது வழக்கில் இருந்தது; அவ்வரலாற்றில் தமிழர்க்கு நேரடிப் பங்குண்டு. பாளையக்காரர் போரின் முடிவில், 1802இல், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1825இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளுள் 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றவர்கள்.

அங்கு வளர்ந்த முறை வேறு வகையினது. ஆளுநர் பட்டர்வொர்த்து 1840களில் வகுத்த விதிகளின்படி கைதிகள் ஆறு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டனர். காலில் விலங்குடன் சாலை போடுவதில் தொடங்கும் ஒருவன், நன்னடத்தையாலும் தொழில்திறத்தாலும் படிப்படியாக உயர்ந்து, முடிவில் வெளியே சென்று தானே பிழைத்துக்கொள்ளும் சீட்டைப் பெறலாம். கைதிகளைக் கண்காணிக்கும் காவலரும் கைதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டனர். பல்லாண்டு அங்கே பொறுப்பு வகித்த மேசர் மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலுக்குக் ‘கைதிகளே தங்கள் காவலர்’ என்னும் பொருள்படவே பெயரிட்டார்.

விளைவு யாது? செங்கல் சூளையிடுவோராகவும் தச்சராகவும் கொல்லராகவும் கற்றச்சராகவும் அவர்கள் ஆயினர். 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட சிங்கப்பூர்ப் புனித அந்திரேயா பேராலயம் அவர்கள் கைவண்ணமே. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்துப் பளிங்குபோல் மெருகேற்றிய சென்னைச் சாந்து அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. நம் கொத்தர்கள் பரம்பரையாய் அறிந்த கலை அது. அடித்து வாங்கும் வேலையில் பாறை உடையலாம், மண் சுமக்கப்படலாம், மெருகு வாராது. மெருகுக்குச் செய்பவன் மனம் வேண்டும்.

1868இல் போர்ட் பிளேரின் கண்காணிப்பாளரான கர்னல் ஹென்றி மான் காலத்தில் இம்முறை அந்தமானுக்கும் வந்தது. பின்னாளில் அது முழு வடிவம் பெற்றபோது, ஆயுள் தண்டனை பெற்றவன் முதல் சில ஆண்டுகள் சிறையிலும், பின் குடியிருப்புக் கொட்டடிகளிலும் கடின உழைப்பில் கழிப்பான். அடுத்துச் சிறு பொறுப்புகளுக்குத் தகுதி பெறுவான். பத்தாண்டு நன்னடத்தைக்குப் பின் தன்னுழைப்பாளன் என்னும் சீட்டைப் பெறுவான். அதன்பின் அவன் நிலம் உழலாம், கால்நடை வளர்க்கலாம், மணம் புரியலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைக்கலாம். இன்றைய பல சிற்றூர்களும், இத்தீவில் பிறந்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் சமுதாயமும் இவ்வாறு தோன்றியவையே. சுவர்களை வேண்டுமானால் அச்சம் கட்டலாம்; ஊரைக் கட்டியது நம்பிக்கை.

இம்முறை குறையற்றதென நாம் கூறவில்லை. 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, இன்று மணிப்பூர் மலை எனப்படும் ஹேரியட் மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் துறையில் படகேற வந்த அரசப் பிரதிநிதி மேயோ பிரபு, சேர் அலி என்பவரால் குத்திக் கொல்லப்பட்டார். அவர் நன்னடத்தைக்காகச் சலுகை பெற்று, நாவிதராய்ப் பணியாற்றிய கைதி! நம்பிக்கை வைக்கும் தலைமை சிலவேளை ஏமாறும் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஏமாந்தபின் என்ன செய்வது என்பதிலேதான் தலைமையின் தரம் வெளிப்படுகிறது.

முப்பது இராத்தல் எண்ணெய்

1890இல் லயால், லெத்பிரிட்சு என்னும் இருவர் இக்குடியேற்றத்தை ஆராய்ந்தனர். நாடுகடத்தலுக்கு மக்கள் அஞ்சுவது குறைந்துவிட்டது என்பது அவர்கள் கண்ட குறை! முதற்கட்டத்தைக் கடுமையாக்கத் தனிக்கொட்டடிச் சிறை ஒன்று வேண்டும் என்றனர். 1896இல் தொடங்கி 1906 வரை கட்டப்பட்டு, ஏழு கிளைகளும் ஏறக்குறைய எழுநூறு அறைகளும் கொண்டு நின்ற அச்சிறையை நாம் அனைவரும் அறிவோம்.

அங்கே சிறையதிகாரியாய் இருந்தவர் டேவிட் பாரி. அவர் காலத்தில் அலிப்பூர் வழக்கின் பரீந்திர குமார் கோசு முதலாய அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டனர். மாட்டைப் பூட்ட வேண்டிய செக்கில் மனிதரைப் பூட்டி, நாளொன்றுக்கு 30 இராத்தல் தேங்காய் எண்ணெய் ஆட்டவேண்டும் என்பது கட்டளை. நம் அளவில் ஏறத்தாழ 13½ கிலோ. அளவு குறைந்தால் தண்டனை. சாதாரணக் கைதிகளுக்குத் திறந்திருந்த உயர்வுப் படிகள் அரசியல் கைதிகளுக்குப் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருந்தன. 1912 ஏப்ரலில் இந்துபூசண் ராய் தம் அறையில் தூக்கிட்டு உயிர் துறந்தார். உல்லாசுகர் தத்தர் மனநிலை பிறழ்ந்து, பின்னர்ச் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

ஈண்டு நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாரியும் கைதிகளிலிருந்தே மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தார். சிங்கப்பூரில் நிகழ்ந்ததும் அதுவே. கருவி ஒன்று; பயன் வேறு. எதனால்? அங்கே மேற்பார்வையாளன் விதிப்படி நடந்தும் தொழில் கற்றும் கற்பித்தும் உயர்ந்தான். இங்கே தன் கீழுள்ளவரை வாட்டுவதில் மேலதிகாரியை மகிழ்விப்பவன் உயர்ந்தான். தலைவன் வாயால் சொல்வது எதுவாயினும், எவனை உயர்த்துகிறான் என்பதைப் பார்த்தே தொழிற்களம் பாடம் கற்கிறது. நம் கடற்கரை மக்கள் படகுத் தலைவனைத் தண்டல் என்பர். அச்சொல்லே கைதி மேற்பார்வையாளரின் பதவிப் பெயராக இத்தீவில் ‘டிண்டல்’ என வழங்கியது. படகில் தண்டல், துடுப்புப் போடுவோரோடு ஒரே அலையில் நனைபவன். சிறையில் டிண்டலின் கையில் இருந்தது தடி.

அச்ச ஆட்சி இறுதியில் தன்னையே தோற்கடித்துக்கொண்டது. சர் அலெக்சாண்டர் கார்டியு தலைமையிலான 1919–20ஆம் ஆண்டு இந்தியச் சிறைக் குழு, அந்தமானுக்கு நாடுகடத்தும் முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 1930களில் மீண்டும் அரசியல் கைதிகள் அனுப்பப்பட்டபோது, 1933இல் பெரும் உண்ணாநோன்பு எழுந்தது. மகாவீர் சிங், மோகன் கிசோர் நமதாசு, மோகித் மைத்ரா மூவரும் உயிர் நீத்தனர். 1937இல் மீண்டும் ஒரு நோன்பு. 1938 சனவரிக்குள் அரசியல் கைதிகள் அனைவரும் தாயகம் திருப்பப்பட்டனர். உண்ண மறுக்கும் ஒருவனை எந்தச் சுவரும் பணிய வைக்க இயலவில்லை.

கங்காணியும் மேஸ்திரியும்

தொழிலாளியின் கண்ணுக்குத் தலைவன் தெரிவதில்லை. இடையில் நிற்பவனே தெரிகிறான். இதனைத் தமிழர் நன்கு அறிவர். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் நம்மவரை வேலை வாங்கியவர் கங்காணி. அவரும் தமிழரே, பலவேளை ஒரே ஊரினர், உறவினருங்கூட. ஆயினும் இலங்கைத் தோட்டத் துரை, வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் பணம் அளந்தார். தொழிலாளியின் கடன் எழுதப்பட்ட ‘துண்டு’ அவன் காலுக்கு விலங்காயிற்று. 1921இல் சட்டம் அத்துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. கங்காணியின் மனம் கல்லென்று மட்டும் சொல்லி நாம் அமைந்துவிடலாகாது. எதற்குப் பணம் அளந்தார்களோ அதுவே அவருக்கு அறமாயிற்று. 1964ஆம் ஆண்டு சிரிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டுக்குப்பின் தாயகம் திரும்பியோருள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. இலங்கைத் தோட்டங்களின் அந்த வரலாறும் அவர்களோடு இக்கடலைக் கடந்து வந்தது.

நம் வீடுகளிலும் மேஸ்திரிமார் உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, கடை முதலாளிகள் உண்டு, அலுவலகத் தலைவர்கள் உண்டு. கப்பலில் வந்திறங்கும் புதிய இளைஞன் முதலில் காண்பது இத்தீவின் அழகையன்று. நம்மவர் ஒருவரின் முகத்தையே. ஒரே ஊர்ப் பற்றைச் சொல்லி அழைத்துவந்து, முன்பணக் கணக்கில் அவனைக் கட்டிவைப்போமாயின், ஒழித்த துண்டையே நாம் மீண்டும் எழுதுகின்றோம்.

முசு ஊரில் ஒரு தமிழர்

அச்சமும் ஆதாயமும் அன்றி மூன்றாம் வழியும் இத்தீவுகளில் காணப்பட்டது. அதைக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபார்த் தீவின் முசு என்னும் ஊரில் அரசின் முகவராகவும் சமய ஆசிரியராகவும் பணியாற்றியவர் வேதப்பன் சாலமன். அவரிடம் படையில்லை, செக்கில்லை. இருந்தவை ஒரு சிறு பள்ளியும் ஒரு நாட்குறிப்பும். தாம் வாழும் மக்களின் வழக்கங்களை அவர் பொறுமையோடு குறித்துவைத்தார். அக்குறிப்பின் பகுதிகள் 1902இல் இலண்டனில் மானிடவியல் இதழொன்றில் வெளிவந்தன. ஆள வந்தவர் கட்டளை எழுதினர். இவரோ கேட்டு எழுதினார்.

அவருடைய மாணவருள் ஒருவர் பர்மாவின் மாந்தலே நகருக்குக் கல்வி பயிலச் சென்று, ஆசிரியராய்த் தம் தீவுக்கே திரும்பினார். அவரே பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் என நாடறிந்தவர். சப்பானியர் ஆட்சிக்காலத்தின் கொடுமைகளைத் தம் மக்களோடு தாங்கி நின்றவர். புதிய ஏற்பாட்டை நிக்கோபார் மொழியில் தந்தவர். 1952இல் இத்தீவுகளின் சார்பில் முதல் மக்களவைக்கு நியமிக்கப்பட்டவர். பத்மசிறீ, பத்மபூசண் விருதுகள் பெற்றவர். சாலமன் விட்டுச்சென்றது கட்டடமன்று. தமக்குப்பின் அப்பணியைத் தம்மினும் சிறப்பாகச் செய்ய வல்ல ஒருவரை. அவ்வொருவர் தமிழரல்லர், அம்மண்ணின் மைந்தர் என்பதே அத்தலைமையின் நிறைவு.

முடிவுரை

திருவள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை அமைத்த முறை ஈண்டு நினையத் தக்கது. 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. 57ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை. அஃதாவது தன் கீழ் வாழ்வார் அஞ்சும்படி நடவாமை. 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். ஊக்கமுடைமையும், மடியின்மையும், ஆள்வினையுடைமையும் 60, 61, 62ஆம் இடங்களில் அதன் பின்னரே வருகின்றன. தொழிலாளிக்கு ஊக்கமில்லை, சோம்பல் மிகுந்துவிட்டது என்று குறைகூறுமுன், தலைவன் முந்தைய அதிகாரங்களைத் தானே படித்து முடித்தானா என்று கேட்பது போல் அமைந்துள்ளது அம்முறை. வாக்கரும் பாரியும் அறுபதாம் அதிகாரத்தை வேண்டினர், ஐம்பத்தேழைக் கடக்கவில்லை.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய இந்நகரில் சிறையின் சுவர் இன்று நினைவுச்சின்னமாய் நிற்கிறது. நம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும்போது தியாகியரின் பெயர்களைக் காட்டுகிறோம். அது கடமை. அத்துடன், அங்கு வைக்கப்பட்டுள்ள செக்கின் மாதிரியையும் காட்டி, ஒருவனிடம் வேலை வாங்குவதற்கும் அவனை வேலையாளாக வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தருவோம். நாளை அவர்கள் பிறரை வேலை வாங்கும் இடத்தில் அமர்வார்கள். மேற்பார்வைக்கு யாரை அமர்த்துவது, எதற்குப் பரிசளிப்பது, தவறியவனுக்கு மீண்டும் ஏற எத்தனை படி வைப்பது என்ற மூன்று வினாக்களுக்கும் அவர்கள் கூறும் விடையிலேயே இத்தீவில் தமிழர் நற்பெயர் நிலைபெறும்.